நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவை

கேள்வி: ஜூலை 3, 2024

என் மகன் எட்டாவது படிக்கிறான். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிற சோதனை இருக்கிறதல்லவா, அதை வகுப்பில் செய்து காட்டியிருக்கிறார்கள். "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துபோன இடத்துக்குத் தண்ணீர் ஏறியது. காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பது இதனால் தெரிகிறது" என்று நோட்ஸ். இவன் வீட்டில் மூன்று மெழுகுவர்த்தி வைத்துச் செய்து பார்த்துவிட்டு, "டம்ளர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஏறுதேம்மா, அப்ப ஆக்சிஜன் கூடிருச்சா?" என்கிறான். பள்ளியில் போய்க் கேட்டதற்கு "நோட்ஸ்ல இருக்கறத எழுது" என்று பதில். அறிவியல் டீச்சரே தப்பாகச் சொல்லலாமா? ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூலை 3, இரவு 10.40

சொல்லலாம். நானே 11 வருடம் சொன்னேன்.

கோவில்பட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். 22 வருட சர்வீஸ். 2002இலிருந்து 2013 வரை அந்த மெழுகுவர்த்தியை நானும் கொளுத்தினேன். டம்ளரில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு அஞ்சு பங்காகப் பிரிப்பேன். முதல் கோட்டைத் தண்ணீர் தொட்டதும் "பாத்தீங்களா, 21 சதவீதம்!" என்று சொல்லி எனக்கே புல்லரிக்கும். கோட்டைத் தொடாத வருடம் தட்டில் தண்ணீர் பத்தவில்லை என்று சமாளித்தேன். தாண்டிப் போன வருடம் டம்ளர் சரியில்லை. பிள்ளைகள் எப்படியும் 21 என்றுதான் எழுதினார்கள், நானும் டிக் போட்டேன்.

உங்கள் பையன் கெட்டிக்காரன். மீதி நாளைக்கு. ரெக்கார்டு நோட்டு 38 கிடக்கிறது.

ஜூலை 4, காலை 6.15

பால் பொங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

டம்ளரைக் கவிழ்க்கும்போதே உள்ளே போகிற காற்று தீச்சூட்டில் விரிந்த காற்று. கவிழ்த்த உடனே விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள், குமிழ் குமிழாக வெளியேறும். தீ அணைந்ததும் மிச்சக் காற்று ஆறிச் சுருங்குகிறது. வெளிக்காற்று தட்டுத் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவர்த்தி என்றால் சூடு கூடுதல், வெளியே போன காற்று கூடுதல், ஏறுகிற தண்ணீரும் கூடுதல். முடிந்தது கதை.

ஆக்சிஜன் தீர்ந்துபோவதும் இல்லை. 21 சதவீதம் 16 வாக்கில் இறங்கினாலே மெழுகுவர்த்தி உயிரை விட்டுவிடும். செலவான ஆக்சிஜனில் பெரும்பங்கின் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் அந்த ஐந்தில் ஒரு பங்கு வெறும் தற்செயல். டம்ளரின் அளவும் மெழுகுவர்த்தியின் உயரமும் ஒத்துவந்தால் வரும், இல்லாவிட்டால் வராது.

எனக்கு இது 2013இல் கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி கேட்டதில் விளங்கியது. "டீச்சர், எரியுறப்பத்தான ஆக்சிஜன் தீருது? அப்ப எரியுறப்பல்ல தண்ணி ஏறணும். அணைஞ்சப்புறம் எதுக்கு ஏறுது?" நான் மணியைப் பார்த்தேன். மணி அடிக்க இன்னும் 12 நிமிடம் இருந்தது. அந்த 12 நிமிடமும் கரும்பலகையை அழித்துக்கொண்டே நின்றேன்.

ஜூலை 4, மாலை

ஒரு திருத்தம். "தீ அணைந்ததும்" என்று காலையில் எழுதினேன். இன்றைக்கு ஆய்வகத்தில் செய்து பார்த்தேன். சுடர் சிறுத்து மங்கத் தொடங்கும்போதே தண்ணீர் மெல்ல ஏறுகிறது. சூடு குறைகிறதே. அணைந்த பிறகு சர்ரென்று ஏறுவதால் நம் கண் அதை மட்டும்தான் பார்க்கிறது.

கிரேக்கத்து ஃபைலோ என்பவர் சுமார் 2,200 வருடம் முன்பே இதைச் செய்து பார்த்தவர். காற்றில் ஒரு பகுதியைத் தீ அழித்துவிடுகிறது என்று அவர் நினைத்தார். தப்புக்கும் வம்சாவளி இருக்கிறது என்று சொல்ல வந்தேன்.

ஜூலை 5

இன்று காலை ஸ்டாஃப் ரூமில் மூன்று பேர் போனில் ஒரே செய்தி. பூமி சூரியனை விட்டு வெகுதூரம் போகிறதாம், ஆகஸ்ட் வரைக்கும் குளிருமாம், சளி காய்ச்சல் வருமாம், மிளகுக் கசாயம் குடிக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் ஆடி பிறப்பதற்கு முன்பே காற்று புழுதியை வாரி வாயில் போடுகிறது, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டே அதை ஃபார்வர்டு செய்கிறார்கள்.

தூரம் உண்மைதான். இன்றைக்குத்தான் வருடத்திலேயே அதிகத் தொலைவு, சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். ஜனவரி முதல் வாரத்தில் 14.7 கோடி. மார்கழிப் பனியில் கோலம் போடுகிறபோதுதான் சூரியனுக்கு நாம் மிகப் பக்கம்! தூரத்தில் இந்த 3 சதவீத வித்தியாசம் பருவத்தைத் தீர்மானிப்பதில்லை, பூமி 23.5 டிகிரி சாய்ந்திருப்பதுதான் தீர்மானிக்கிறது.

சிரித்துவிட்டு வகுப்புக்குப் போகிறபோது ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் நானும் "பக்கத்துல வந்தா கோடை, தள்ளிப் போனா குளிர்" என்றுதான் சொன்னேன். நீள்வட்டத்தைக் கரும்பலகையில் முட்டை மாதிரி இழுத்து வரைவேன், அதுவும் ஒரு காரணம். உண்மையில் அந்தப் பாதையை அளவு மாறாமல் வரைந்தால் கண்ணுக்கு வட்டமாகத்தான் தெரியும்.

ஆகக் கணக்கு: மெழுகுவர்த்தி 11 வருடம், பருவகாலம் 2 வருடம்.

ஜூலை 7, ஞாயிறு

ஐந்தில் ஒரு பங்கை நிஜமாகவே காட்ட வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, மெதுவான வழி. இரும்புக் கம்பிச் சுருளை நனைத்துச் சோதனைக் குழாயின் அடியில் திணித்து, குழாயைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். துருப்பிடிக்கத் துருப்பிடிக்க ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து திடப்பொருளாகிவிடும். தீ இல்லை, சூடு இல்லை, வேறு வாயு வருவதும் இல்லை. தண்ணீர் ஏறினால் அது ஆக்சிஜன் போன இடம்தான்.

இன்று மதியம் அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற கம்பியை எடுத்துச் செய்து வைத்திருக்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள்.

ஜூலை 9

"சொந்தத் தொழிலையே கேவலப்படுத்துகிறீர்கள், பெற்றோர்கள் படிக்கிற இடத்தில் இதெல்லாம் தேவையா" என்று ஒரு சார் எழுதியிருக்கிறார். சார், என் செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எட்டரைக்கு உள்ளே போனால் முதலில் எமிஸில், அதாவது கல்வித்துறையின் ஆன்லைன் பதிவில், வருகைப் பதிவு. நெட் கிடைக்க வேப்பமரத்தடிக்குப் போய்க் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆய்வகச் சாவி அலமாரியில், அலமாரிச் சாவி எழுத்தர் பையில், எழுத்தர் கருவூலத்தில். பத்தாம் வகுப்புக்குச் செய்முறைக்கு 25 மதிப்பெண் என்பதால் ஆய்வகம் வருடத்தில் பாதி நாளாவது திறக்கிறது, அதற்குக் கும்பிடு. மதியம் ஒன்பதாம் வகுப்புக்கு எரிதல் பாடம். தீக்குச்சியை எடுத்து, "உரசினால் சூடு, சூட்டால் தீ" என்றேன். முன் பெஞ்சுப் பிள்ளை எழுந்தாள்.

"சுவத்துல உரசினா பத்தாது டீச்சர்."

"ஏன்?"

"குச்சியில இருக்க மருந்து வேற. பெட்டிச் சைடுல தடவுற மருந்து வேற. ரெண்டும் சேந்தாத்தான் பத்தும். எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்காங்க."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்கூடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். பாதுகாப்புத் தீக்குச்சி என்று பெயர் வந்ததே இந்த இரண்டையும் பிரித்து வைத்ததால். உரசுகிறபோது பாஸ்பரஸ் துணுக்கு குளோரேட்டோடு சேர்ந்து முதல் பொறி தருகிறது. வெறும் உராய்வு என்று நான் சொன்னதில் பாதிதான் நிஜம். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பெட்டி ஒட்டுகிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்த வேதியியலை அவர்களிடம் கேட்காமல் நான் கரும்பலகையில் குச்சி வரைந்துகொண்டிருந்தேன்.

இதில் கேவலம் எங்கே வந்தது சார்? மதிய மணி அடித்த பிறகும் அந்தப் பிள்ளையைச் சுற்றி நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 12

கம்பி துருப்பிடிக்கவில்லை. அஞ்சு நாள் ஆயிற்று, பளபளவென்று இருக்கிறது, தண்ணீர் ஒரு இம்மி ஏறவில்லை.

காரணம் கண்டுபிடித்துவிட்டேன், சிரிக்கக் கூடாது. பாத்திரம் தேய்க்கிற கம்பி எவர்சில்வர்! துருப்பிடிக்காமல் இருப்பதற்கென்றே குரோமியம் கலந்து செய்தது. 22 வருட சர்வீஸ். ஞாயிற்றுக்கிழமை என்னை நம்பிச் செய்து வைத்தவர்கள் மன்னிக்கவும், கம்பியை எடுத்துப் பாத்திரம் தேய்த்துக்கொள்ளலாம். வேண்டியது பெயின்ட் கடையில் கிடைக்கிற, மரச்சாமான் இழைக்கிற மெல்லிய இரும்புக் கம்பளி.

ஜூலை 15

கல்வி வளர்ச்சி நாள். காமராசர் படத்துக்கு மாலை, கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, எல்லாருக்கும் கடலை மிட்டாய். பேச்சுப் போட்டியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வீராவேசமாகப் பேசினான்: "புளியமரத்தில் பேய் இல்லை! இரவில் மரம் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறது! அதனால் மூச்சு முட்டுகிறது! அதைத்தான் பேய் அமுக்குவதாக நினைத்தார்கள்! நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல!" கைதட்டல் ஓயவில்லை. முதல் பரிசு.

எழுதிக்கொடுத்தது யார் என்று கேட்டேன். அவன் அண்ணன். அண்ணனுக்கு யார் சொன்னது? நான். பல வருடம் முன்பு மூடநம்பிக்கை ஒழிப்பு என்று மேடையேறி இதே வசனத்தைப் பேசி ஒரு சால்வை வாங்கினேன்.

இலைகள் இரவில் கார்பன் டை ஆக்சைடு விடுகின்றன, சரி. எல்லா மரமும் விடும். வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுத் தாத்தாக்கள் காலங்காலமாகத் தூங்குகிறார்கள், ஒருவரையும் அமுக்கவில்லை. திறந்த வெளியில் அது நிற்காது, கலந்து போய்விடும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் ஆறு பேர் படுத்தால் அங்கே சேர்கிற அளவு, மரத்தடியில் சேரவே சேராது. தூக்கத்தில் அமுக்குவதற்கு வேறு காரணம். மூளை விழித்தும் உடம்பின் தசை இன்னும் கனவு நேரத்துப் பிடியிலிருந்து விடுபடாத சில நொடிகள். மெத்தையிலும் வரும், ஹாஸ்டலிலும் வரும்.

பேயைத் துரத்துகிறேன் பேர்வழி என்று அதற்கு ஒரு டிகிரி வாங்கிக்கொடுத்திருக்கிறேன். பையனிடம் பரிசைப் பிடுங்க முடியுமா? கடலை மிட்டாயை நான் சாப்பிடவில்லை, அவ்வளவுதான் என் பிராயச்சித்தம்.

ஜூலை 16

நேற்று எழுதியதற்கு வந்த பதில்களில் பாதி "அப்படியானால் வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது?" என்று. இரத்தத்தில் இரும்பு இருக்கிறதாம், பூமிக் காந்தம் இழுக்குமாம்.

ஹீமோகுளோபினில் இருக்கிற இரும்பு ஆணி மாதிரி காந்தத்தில் ஒட்டுகிற இரும்பு இல்லை. பூமியின் காந்தப்புலம் நம் பக்கம் சுமார் 0.00004 டெஸ்லா. ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ இயந்திரம் 1.5 டெஸ்லா, முப்பத்தையாயிரம் மடங்குக்கும் மேல். அதற்குள் அரைமணி நேரம் படுத்துவிட்டு எழுந்து வந்து கேன்டீனில் காபி குடிக்கிறார்கள். இரத்தம் ஒரு பக்கமாகப் போயிருந்தால் காபி எங்கே?

அரச மரம் இரவிலும் ஆக்சிஜன் தரும் என்று சொல்பவருக்கு: ஆக்சிஜன் வர வெளிச்சம் வேண்டும். கள்ளி, கற்றாழை மாதிரிச் செடிகள் இரவில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சேமிக்கும். அவையும் ஆக்சிஜன் விடுவது பகலில்தான்.

போதும், இதோடு வாட்ஸாப் கேள்விகளை நிறுத்துகிறேன். (நிறுத்தவில்லை, கீழே பாருங்கள்.)

ஜூலை 21

இரண்டு வாரமாக ஒன்று உறுத்துகிறது. முதல் கேள்வியில் வந்த அந்த டீச்சரைப் பற்றி யாருமே நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் சேர்த்து. எட்டாவது பீரியடில் அறுபது பேர் இருந்தால், மூன்று மெழுகுவர்த்தி என்று ஒருவன் எழுந்தால், நானும் நோட்ஸைத்தான் காட்டியிருப்பேன். காட்டியிருக்கிறேன். மெழுகுவர்த்தியையும் டம்ளரையும் கொண்டுபோய்ச் செய்து காட்டியதால்தானே பையனுக்குக் கேள்வியே வந்தது? வெறும் நோட்ஸ் எழுதிப் போட்டிருந்தால் அவன் வீட்டில் தட்டைத் தேடியிருக்க மாட்டான். அம்மா, முடிந்தால் அந்த டீச்சரிடம் சண்டை போடாமல், பையன் செய்ததை ஒருநாள் வகுப்பில் செய்து காட்ட அனுமதி கேளுங்கள்.

ஜூலை 28

கிரகணமும் உலக்கையும் பற்றிக் கேட்டதால். தட்டில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால் கிரகணம் முடியும் வரை தானாக நிற்கும், முடிந்ததும் விழும் என்று எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு செய்வார்கள். டிவியிலும் காட்டுவார்கள்.

2019 டிசம்பர் 26. அரையாண்டு விடுமுறை. திண்டுக்கல், திருச்சிப் பக்கம் முழு வளையம், எங்களுக்கு வளையம் கிடைக்கவில்லை, தேங்காய்க் கீற்று மாதிரி மெல்லிசாகத்தான் சூரியன். காலை ஒன்பதரை மணிக்குத் தெருவில் ஈ காக்கை இல்லை. நான் வாசலில் இடியாப்பத் தட்டை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றேன். தரையில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறை, நூறு பிறை. வேப்பமரத்து இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சமும் பிறை பிறையாகச் சிமெண்டுத் தரையெல்லாம் கிடந்தது. எதிர் வீட்டு ஜன்னல் அரை அங்குலம் திறந்தது. பிறகு கதவு. பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள், கையில் சல்லடை, பூரிக் கரண்டி, ஒருத்தி தன் பத்து விரலையும் கோர்த்து இடுக்கு வழியாகவே பிறை பார்த்தாள்.

எதிர் வீட்டு ஆச்சி மட்டும் உள்ளேயே இருந்தார். அவர் உலக்கை நின்றுகொண்டிருந்தது. "என்னமோ ஓட்டையில பாக்கச் சொல்லுத, என் உலக்கைக்கு என்ன பதில்?" என்றார். பதிலை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து அதே தட்டு, அதே உலக்கை. கிரகணம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதியம். இரண்டு தடவை சாய்ந்தது, மூன்றாவது தடவை நின்றது. பூண் போட்ட உலக்கை, அடி தட்டை. பொறுமையாக நிறுத்தினால் எந்நாளும் நிற்கும். ஆச்சி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கிரகணத்துக்கு விழவும் செய்யணுமே, அன்னைக்கு எப்ப விழுந்துச்சுன்னு நான் பாக்கலையே" என்றார். அறுபது வருடமாக நிறுத்தியிருக்கிறார், விழுவதைக் காத்திருந்து ஒருதரமும் பார்த்ததில்லையாம். பேரன்தான் எடுத்துச் சாத்திவைப்பானாம்.

இது என் தப்பு இல்லை என்பதால் பட்டியலில் சேர்க்கவில்லை. கொஞ்சம் பெருமைக்கும் இடம் வேண்டாமா?

ஆகஸ்ட் 4

நாக்குப் படம். நுனியில் இனிப்பு, ஓரத்தில் உப்பும் புளிப்பும், பின்னால் கசப்பு. வருடா வருடம் கலர் சாக்பீஸில் போட்டேன். 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் இடத்துக்கு இடம் சுவையுணர்வு சிறிதளவே மாறுகிறது என்று அளந்தார். 1942இல் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளர் போட்ட வரைபடத்தைப் பார்த்தவர்கள் அந்தச் சிறு மாற்றத்தைப் பெரிய எல்லைக்கோடாக எடுத்துக்கொண்டார்கள். பாகற்காய்ச் சாறு ஒரு சொட்டு நாக்கு நுனியில் வைத்தால் போதும். நூறு வருடப் படத்தை அடுப்படியிலேயே அழித்துவிடலாம். ஏன் நான் ஒருநாளும் வைத்துப் பார்க்கவில்லை? தினமும் சாப்பிடுகிற நாக்கு.

ஆகஸ்ட் 10

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் போயிருந்தேன். இரத்தம் எடுக்க வந்த பெண் முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சிரித்தாள். "டீச்சர், நான் 2009 பேட்ச்." முகம் ஞாபகம் வரவில்லை, குரல் வந்தது. கையில் ரப்பர் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசியை இறக்கினாள். குழாயில் ஏறியதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள்.

"என்ன கலர் டீச்சர்?"

"சிவப்பு."

"கருஞ்சிவப்பு. வெயின்ல இருந்துதான் எடுத்தேன். நீங்க நீலம்னு சொன்னீங்க."

நான் அப்படிச் சொல்லவில்லை, நீல சாக்பீஸில் வரைந்தேன், ஆக்சிஜன் இல்லாத இரத்தம் என்று காட்டுவதற்காக, எல்லாப் படத்திலும் அப்படித்தான் என்றேன். பஞ்சை வைத்து என் கையை மடக்கிவிட்டுச் சொன்னாள், "நர்சிங் முதல் வருஷம் பிளட் எடுக்கக் கத்துக்கொடுத்தாங்க டீச்சர். சிவப்பா வந்ததும் தப்பா ஆர்ட்டரியில குத்திட்டேன்னு நெனச்சு அழுதுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாள். நான் இட்லி சாப்பிடாமல் பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 11

"படத்தில் நீலம் என்பது ஒரு குறியீடு, அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்" என்று ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு நன்றாக யோசித்துப் பார்த்தேன். சாக்பீஸ் மட்டும் இல்லை. "கையைப் பாருங்க, நரம்பு நீலமாத் தெரியுதா? அதான் கெட்ட ரத்தம்" என்று சொல்லி முழங்கையைத் திருப்பிக் காட்டியிருக்கிறேன். அவள் சொன்னது சரி, நான்தான் மறந்துவிட்டேன்.

தோல் வழியாகப் பார்ப்பதால் வருகிற நிறம் அது. சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழம் வரை போகும், அங்கே சிரை அதை உறிஞ்சிவிடும். நீல ஒளி மேலேயே சிதறித் திரும்பிவிடும். சுற்றியிருக்கிற தோலை விட அந்த இடத்திலிருந்து சிவப்பு குறைவாகத் திரும்புவதால் கண் அதை நீலம் என்று எடுத்துக்கொள்கிறது. "கெட்ட ரத்தம்" என்று ஒன்று கிடையவும் கிடையாது. நுரையீரலுக்குத் திரும்பிப் போகிற இரத்தம், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 13

வகுப்பில் ஒரு நோட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், சணலில். அட்டையில் "டீச்சர் தப்பு" என்று பிள்ளைகளே எழுதினார்கள். நான் சொன்னதில் சந்தேகம் வந்தால் தேதி போட்டு எழுத வேண்டும். இன்று வந்தவை நான்கு. இரண்டு எழுத்துப்பிழை. ஒன்று, "கடல் நீலமாக இருப்பது வானம் தெரிவதால் என்றீர்கள், திருச்செந்தூரில் மேகம் போட்டபோதும் நீலமாகத்தான் இருந்தது." நாலாவது, "செவ்வாய்க்கிழமை பி.இ.டி. பீரியடைப் பிடுங்கியது தப்பு."

நாலாவதற்குப் பதில் கிடையாது.

மூன்றாவதற்கு நல்ல துணை இருக்கிறது. வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்று சொன்னது ரேலி, நோபல் பரிசு வாங்கியவர். நம் திருச்சிக்காரர் ராமன் 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகிறபோது நிக்கோல் பட்டகம் என்ற ஒளிவடிகட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, மேற்பரப்பில் பிரதிபலிக்கிற வானத்து ஒளியை வெட்டிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். அங்கே பிடித்த நூல்தான் 1928இல் ராமன் விளைவு வரை போயிற்று. பிப்ரவரி 28இல் நாம் கொண்டாடுவது அதைத்தான். பிறகு தெரிந்தது, தண்ணீர் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் உறிஞ்சிவிடுவதற்கும் இந்த நீலத்தில் பெரும்பங்கு உண்டு. ஆக ராமன் சொன்னதற்கும் மேலே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 18

ஏறியது! பெயின்ட் கடைக் கம்பளி. முதல் தடவை எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்ததில் மூன்று நாளும் மந்தம். வினிகரில் கழுவி, தண்ணீரில் அலசி வைத்த பிறகு இரண்டாம் நாளே செங்கல் நிறம். குழாய் உயரம் 15 செ.மீ., ஏறிய தண்ணீர் 2.8. ஐந்தில் ஒரு பங்கு என்றால் 3 வர வேண்டும். கம்பி அடைத்த இடத்தைக் கழித்தால் இன்னும் கிட்ட வரும். இன்னும் இரண்டு நாள் விட்டோம், மேலே ஏறவில்லை, அங்கேயே நின்றது. அந்த நின்றதுதான் எனக்குப் பிடித்தது. மெழுகுவர்த்தி எத்தனை வைத்தால் அத்தனை ஏறும். இது கம்பியை இரட்டிப்பாக்கினாலும் அதே இடத்தில் நின்றது.

ஆகஸ்ட் 29

நிழலில்லா நாள். "உச்சி வெயில்ல 12 மணிக்கு நிழல் காலுக்கடியில போயிரும்" என்று தினமும் நடப்பது போலச் சொல்லிவந்தவள் நான். எங்கள் ஊருக்கு வருடத்தில் இரண்டே நாள், ஏப்ரல் 13 வாக்கிலும் இன்றும். ஏப்ரலில் பரீட்சை நேரம் என்பதால் யாரும் பார்ப்பதில்லை. நேரமும் 12 இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் கணக்கில் ஓடுகிறது, நாங்கள் 77.9இல் இருக்கிறோம். சூரியன் தலைக்கு நேரே வர 12.20 ஆகிவிடும்.

12.10க்கு மேகம். பிள்ளைகள் "போ போ" என்று மேகத்தை விரட்டினார்கள். 12.17க்கு விலகியது. கொடிக்கம்பத்துக்கு நிழலே இல்லை, தரையிலிருந்து சும்மா முளைத்த மாதிரி நின்றது. தண்ணீர் பாட்டிலைச் சுற்றி நிழல் ஒரு பொட்டு இல்லை. ஒருவன் எகிறிக் குதித்தான், அவன் நிழல் மட்டும் தரையில் வட்டமாகத் தனியே கிடந்து அவன் இறங்கியதும் மறைந்தது. அப்புறம் நூற்றைம்பது பேரும் குதித்தார்கள். தலைமையாசிரியர் சத்தம் கேட்டு ஓடி வந்தவர், குடையை மடக்கிவிட்டு அவரும் ஒரு எகிறு.

செப்டம்பர் 1

கேள்வி கேட்ட அம்மா இன்று எழுதியிருக்கிறார். பையனும் இரும்புக் கம்பளி வைத்தானாம், அவனுக்கு 2.9. அந்த டீச்சரிடம் காட்டினானாம், அவர் டம்ளரையும் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பில் செய்யச் சொன்னாராம். இப்போது அவனுக்கு அடுத்த சந்தேகம்: ஆக்சிஜன் கம்பிக்குள்தான் போனது என்றால் கம்பி எடை கூடியிருக்க வேண்டுமே?

கூட வேண்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மில்லி குழாயில் ஆக்சிஜன் ஆறு மில்லி, எடை சுமார் 8 மில்லிகிராம். எங்கள் பள்ளித் தராசு அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. அதனால் கைப்பிடி அளவு கம்பளியைத் திறந்தவெளியில் நனைத்து நனைத்துத் துருப்பிடிக்க விட்டிருக்கிறோம், பிறகு நன்றாகக் காயவைத்து நிறுக்க வேண்டும். தொடக்க எடை போட மார்க்கெட் தெருவில் ஒரு நகைக்கடைக்காரரிடம் தராசு கேட்டேன். கம்பளியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி நிறுக்கச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், அன்றைக்கு நகை வாங்க ஆள் வராதாம். காரணம் கேட்கவில்லை, எனக்குத் தராசு வேண்டும்.